குதிரைச் சட்டமும் மூன்றாம் பகுதியும்

டெக்சஸில் ஒருவருக்கு முடி வெட்டிவிட்டுக் காசு வாங்க வேண்டுமென்றால் மாநில அரசின் உரிமம் வேண்டும். அதே ஆளுக்கு வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுத்துக் காசு வாங்க உரிமமும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம். மத்திய அரசின் வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் இணையதளத்தில் பிடின் என்ற ஓர் எண்ணை வாங்கி வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டால் போதும். ஜனவரி பிறந்ததும் எங்கள் பக்கத்துக் கடை வரிசைகளில், செல்போன் பழுது பார்க்கும் இடத்துக்கும் மளிகைக் கடைக்கும் நடுவில், ‘டாக்ஸ்’ என்று ஒரு பதாகை முளைக்கும். ஏப்ரல் 15க்கு அப்புறம் அது காணாமல் போய்விடும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எதுவுமே தெரியாது என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இதை எங்கள் சித்தப்பா ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் போட்டு உடைத்தார். கணவர் வழிச் சித்தப்பா. டாலஸுக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. “ஏம்மா, நம்ம அபார்ட்மென்ட்ல ஒருத்தர் நூறு பேருக்கு ஃபைல் பண்றாரு. அவரு ஒரு பரீட்சையும் எழுதல. நீ எதுக்கு மூணு பரீட்சை எழுதின?” கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “ஐஆர்எஸ் முன்னாடி ஆஜராகலாம் சித்தப்பா” என்றேன். “அவருக்கு அந்த அவசியமே வரலியே” என்றார். அந்த இடத்தில் எனக்குப் பதில் இல்லை. அன்று தொடங்கிய குடைச்சல் இன்னும் போகவில்லை.

நான் எழுதியது என்ரோல்டு ஏஜென்ட் ஆவதற்கான பரீட்சை. இங்கே ஈ.ஏ. என்றால் போதும். வழக்கறிஞர், சி.பி.ஏ. (நம்மூர் ஆடிட்டர் மாதிரி), ஈ.ஏ. ஆகிய மூவருக்கு மட்டும்தான் வரி செலுத்துபவருக்காக ஐஆர்எஸ் முன் எந்த வரம்பும் இல்லாமல் வாதாடும் உரிமை உண்டு. முதல் இருவருக்கும் உரிமம் தருவது மாநிலங்கள். ஈ.ஏ.வை மட்டும் மத்திய அரசே பதிவு செய்கிறது. பட்டம் கேட்பதில்லை, குடியுரிமையும் கேட்பதில்லை. பி.காம். முடித்துவிட்டு கணவரைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் வந்து, 2015இல் வேலை அனுமதி வந்த பிறகு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த என்னைப் போன்ற பலரை இதன் பக்கம் இழுத்தது அதுதான்.

ஓரிகனில் தொடங்கியது

நாங்கள் முதலில் இருந்தது ஓரிகன் மாநிலத்தின் ஹில்ஸ்பரோவில். ஓரிகனில் கதையே வேறு. அங்கே காசு வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் போட 80 மணி நேர வகுப்பு முடித்து, மாநில வாரியத்தின் பரீட்சையில் தேறி, உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அப்போதும் தனியாகக் கடை போட முடியாது. மேல்நிலை உரிமம் பெற்ற ஆலோசகர், சி.பி.ஏ. அல்லது வழக்கறிஞர் ஒருவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம். 1970களிலிருந்தே அங்கே இதுதான் ஏற்பாடு. நான் வரித் தொழிலுக்கு வந்தது அந்த வாசல் வழியாக. அதனால் ‘பரீட்சை எழுதாமல் ரிட்டர்ன் போடுவார்களா?’ என்பதுதான் என் இயல்பான கேள்வியாக இருந்தது. கணவருக்கு வேலை மாறி டெக்சஸ் வந்ததும் அந்தக் கேள்வியை அப்படியே திருப்பிப் போட்டார்கள். இங்கே மாநில வருமான வரியே கிடையாது. ஓரிகன் உரிமத்தைக் காட்டியபோது, நான் சேர்ந்த அலுவலகத்தில் அதைப் புருவம் உயர்த்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஓரிகனின் கெடுபிடியால் பலன் உண்டா என்றால், உண்டு என்று சொல்ல ஓர் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2008இல் ஓர் அறிக்கை தந்தது. 2001ஆம் வரி ஆண்டின் ரிட்டர்ன்களை ஒப்பிட்டதில், ஓரிகன் ரிட்டர்ன்கள் சரியாக இருக்கும் வாய்ப்பு மற்ற மாநிலங்களைவிடக் கூடுதல். வகுப்பு மட்டும் கட்டாயம், மாநிலப் பரீட்சை இல்லை என்றிருந்த கலிஃபோர்னியாவின் ரிட்டர்ன்களோ மற்ற மாநிலங்களைவிடவும் பின்தங்கியிருந்தன. காரணம் பரீட்சைதான் என்று ஜிஏஓ அடித்துச் சொல்லிவிடவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் 2014இல் அதே அமைப்பு வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை அனுப்பிப் பார்த்தது. போன கடைகள் 19. ரீஃபண்ட் தொகையைச் சரியாகப் போட்டவை 2. இந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் சித்தப்பாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். “மென்பொருள்தானேம்மா போடுது, எப்படித் தப்பாகும்?” என்பார். மென்பொருள் கணக்கைத்தான் போடும். கேள்வியை ஆள்தான் கேட்க வேண்டும். உங்களுக்கு வேறு வருமானம் உண்டா, பிள்ளை வருடத்தில் எத்தனை மாதம் உங்களோடு இருந்தது என்று கேட்காமல் விட்டால், தப்பான விடையைக் காசு பிசகாமல் அச்சடித்துக் கொடுக்கும்.

மூன்று பகுதிகள்

பரீட்சைக்கு மூன்று பகுதிகள். முதலாவது தனிநபர் வரி. இரண்டாவது தொழில்கள்: கூட்டு நிறுவனம், கார்ப்பரேஷன், எஸ் கார்ப்பரேஷன், தேய்மானம், அறக்கட்டளை, விவசாயம். மூன்றாவது ஆஜராவதும் அதற்கான விதிமுறைகளும் ஒழுக்க நெறியும். எதை முதலில் எழுதுவது என்பது நம் இஷ்டம். ஒவ்வொன்றிலும் 100 கேள்விகள், மூன்றரை மணி நேரம். நூறில் 85தான் மதிப்பெண்ணில் சேரும். மிச்சம் 15 அடுத்த ஆண்டுகளுக்காக வெள்ளோட்டம் விடும் கேள்விகள். எது எந்த ரகம் என்று நமக்குத் தெரியாது. கால் மணி நேரம் மல்லுக்கட்டிய கேள்வி கணக்கிலேயே சேராததாக இருக்கலாம். முன்பெல்லாம் இது நான்கு பகுதிகளாக, வருடத்துக்கு ஒரே தடவை, இரண்டு நாள் தாளில் எழுதும் பரீட்சையாக இருந்தது. 2006இல்தான் கணினிக்கு வந்தது. தேறிய பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றை முடிக்க நான் எழுதிய காலத்தில் இரண்டு வருட அவகாசம். பிறகு மூன்றாக நீட்டினார்கள். கட்டணம் அப்போது ஒரு பகுதிக்கு 180 டாலருக்கு மேல், இப்போது 200ஐயும் தாண்டிவிட்டது. ஒரு பகுதியில் தோற்றால் அதை மட்டும் திரும்ப எழுதலாம், ஒரு பருவத்துக்கு நான்கு முறை வரை.

பருவம் என்றால் மே முதல் அடுத்த ஆண்டு பிப்ரவரி கடைசி வரை. மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் பரீட்சை கிடையாது. வரிக்காரர்கள் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடும் காலம் என்பது ஒரு பக்கம், புதிய சட்டத்துக்கு ஏற்பக் கேள்விகளை மாற்றுகிறார்கள் என்பது இன்னொரு பக்கம். எந்தப் பருவத்திலும் முந்தைய ஆண்டு டிசம்பர் 31 வரையிலான சட்டத்தைத்தான் கேட்பார்கள். கேட்க எளிமையாக இருக்கும். நான் எழுதியது 2018 பருவத்தில். 2017 டிசம்பர் 22 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட வரிச் சட்டம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருந்தது. 2017இல் ஆளுக்கு 4,050 டாலர் என்று இருந்த தனிநபர் விலக்கு 2018இல் பூஜ்யம். பரீட்சையில் 4,050 உயிரோடு இருந்தது. அலுவலகத்தில் வாடிக்கையாளருக்கு “அது போயிடுச்சு சார்” என்று சொல்லிவிட்டு, இரவில் வீட்டுக்கு வந்து அதே விலக்கை வைத்துக் கணக்குப் போட்டுப் பழகினேன். 2025 ஜூலையில் வந்த புதிய சட்டத்துக்குப் பிறகு எழுதப் போனவர்களுக்கும் இதே தலைவலி. ஊரெல்லாம் டிப்ஸுக்கு வரிக் கழிவு என்று பேச்சு, பரீட்சையிலோ 2024இன் சட்டம்.

முதல் பகுதி பெரிது, ஆனால் பழகியது. இரண்டாவதுதான் ஆளை உலுக்கிவிடும். வாழ்நாளில் ஒரு பண்ணையை நேரில் பார்க்காதவர்களும் இனப்பெருக்கத்துக்கு வளர்க்கும் மாட்டை விற்றால் என்ன வரி என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். மாடும் குதிரையும் என்றால் 24 மாதம் வைத்திருந்தால்தான் அதற்கென்று உள்ள சலுகை கிடைக்கும், ஆடு, பன்றி போன்ற மற்ற கால்நடைகளுக்கு 12 மாதம் போதும். கணக்குப் படித்து வந்தவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடத்தில் போய்விடும். மூன்றாவதில் கணக்கு அநேகமாக இல்லை. எத்தனை நாளுக்குள் பதில் போட வேண்டும், நமக்காக வாதாட அதிகாரம் கொடுக்கும் படிவம் 2848இல் யார் கையெழுத்து எங்கே, யாரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது. அதனால்தான் பலரும் இதை ‘சும்மா படித்தாலே தேறிவிடலாம்’ என்பார்கள். நானும் அந்த நினைப்பில்தான் கடைசிக்கு வைத்திருந்தேன்.

பரீட்சைக் கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பையைப் பூட்டி வைக்க ஒரு பெட்டி. கால்சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும், முழுக்கையை மடித்துவிட வேண்டும், கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தால் கம்பிக்குள் ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார்கள். முடிந்ததும் முடிவு வந்துவிடும். தோற்றவருக்கு 40இலிருந்து 104க்குள் ஓர் எண் கிடைக்கும். 105 வந்தால் தேர்ச்சி. ஆனால் தேறியவருக்கு எண்ணே சொல்ல மாட்டார்கள், ‘பாஸ்’ என்பதோடு சரி. திருச்சியிலிருந்து அப்பா போனில் “எத்தனை மார்க்கும்மா?” என்றார். தெரியாதுப்பா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சைக் காணோம். “பாஸ் பண்ணினவங்களுக்குத்தானே மார்க் சொல்லணும்?” என்றார். நான் எதையோ மறைக்கிறேன் என்ற சந்தேகம் அவருக்கு இன்றுவரை உண்டு.

செத்த குதிரைகள்

எல்லோரும் பரீட்சை எழுத வேண்டும் என்று ஐஆர்எஸ்ஸே ஒருமுறை நினைத்தது. 2011இல் விதி கொண்டுவந்தார்கள். காசுக்கு ரிட்டர்ன் போடும் லட்சக்கணக்கானோரும் ஓர் அடிப்படைப் பரீட்சையில் தேறி, வருடா வருடம் வகுப்புக்குப் போக வேண்டும். பரீட்சையும் தொடங்கிவிட்டது. சிகாகோவில் சிறியதாகத் தொழில் நடத்திய சபீனா லவிங் என்ற பெண்மணியும் இன்னும் இருவரும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பெரிய கம்பெனிகளுக்கு இந்தச் செலவு தூசு, எங்களைப் போன்ற சிறு ஆட்கள் அழிந்துபோவோம் என்பது அவர்கள் தரப்பு. 2013 ஜனவரியில் கீழ் நீதிமன்றம் விதியைத் தடுத்தது. 2014 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் பிரெட் கவனா, இப்போது உச்ச நீதிமன்ற நீதிபதி.

தீர்ப்பு எதன்மேல் நின்றது என்பதில்தான் வேடிக்கை. ஐஆர்எஸ் தன் அதிகாரத்துக்குக் காட்டிய சட்டம் 1884இல் வந்தது. உள்நாட்டுப் போரில் இழந்த குதிரைகளுக்கும் உடைமைகளுக்கும் அரசிடம் இழப்பீடு கேட்டு ஜனங்கள் வரிசை கட்டியிருந்த காலம். அவர்களுக்காக, ஐஆர்எஸ்ஸின் மேலிடமான கருவூலத்தில் போய் நின்ற ஏஜென்ட்டுகளில் பலர் செத்த குதிரையோடு பிறக்காத குதிரைக்கும் சேர்த்துக் கேட்டார்கள் என்பார்கள். அவர்களைக் கட்டுப்படுத்த வந்ததுதான் குதிரைச் சட்டம். வருமான வரி பிறகு வந்து சேர்ந்தபோது அந்த ஏஜென்ட்டின் வாரிசானார்கள் ஈ.ஏ.க்கள். கருவூலத்தின் முன் இன்னொருவருக்காக நிற்பவர்களை நெறிப்படுத்தலாம் என்கிறது அந்தச் சட்டம். ரிட்டர்னை நிரப்பிக் கொடுப்பவர் யாருக்காகவும் போய் நிற்கவில்லை, வாதாடவுமில்லை, ஆகவே அவர் இதற்குள் வர மாட்டார் என்றது நீதிமன்றம். அதிகாரம் வேண்டுமானால் நாடாளுமன்றத்திடம் கேளுங்கள் என்றும் சொன்னது. இத்தனை ஆண்டுகளாகியும் நாடாளுமன்றம் கொடுக்கவில்லை. விருப்பமுள்ளவர்கள் சேரலாம் என்று ஐஆர்எஸ் ஒரு வருடாந்திரத் திட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டது.

சட்டத்தை வாசித்துப் பார்த்தால் தீர்ப்பு சரிதான். எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். எனக்கு மூன்று பகுதிப் பரீட்சையும், அதற்குமேல் என் சொந்த வரிக் கணக்கையும் குற்றப் பின்னணியையும் ஐஆர்எஸ் துருவிப் பார்க்கும் சோதனையும், மூன்று வருடத்துக்கு 72 மணி நேர வகுப்பும் கொண்டுவந்த அதே குதிரைச் சட்டம்தான் பதாகைக்காரருக்கு எதுவும் வேண்டாம் என்றும் ஆக்கியது. (ஐஆர்எஸ்ஸில் உரிய பணியில் ஐந்து வருடம் வேலை பார்த்தவர்களும் பரீட்சை இல்லாமல் ஈ.ஏ. ஆகலாம். அதைப் பற்றிப் பேசினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.)

ஒரு பெட்டி, இரண்டு விடை

மூன்றாம் பகுதியில் வரும் உண்மையான கேள்விகளை வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம். அதனால் பயிற்சிப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் ரகத்தைச் சொல்கிறேன். வாடிக்கையாளரின் பழைய ரிட்டர்னில் ஒரு வருமானம் விடுபட்டிருப்பதைக் கண்டுபிடிக்கிறீர்கள். என்ன செய்ய வேண்டும்? ஐஆர்எஸ்ஸுக்குத் தகவல் கொடுக்க வேண்டுமா, திருத்திய ரிட்டர்ன் போடும்படி கட்டாயப்படுத்த வேண்டுமா, உடனே விலகிக்கொள்ள வேண்டுமா? எதுவும் இல்லை. தவறு இருக்கிறது என்பதையும், அதனால் என்னென்ன விளையும் என்பதையும் அவரிடம் உடனே சொல்ல வேண்டும். கடமை அங்கே முடிகிறது. முடிவு அவருடையது. ஈ.ஏ.க்களுக்கு வேதமான, ஐஆர்எஸ் முன் ஆஜராவோருக்கான விதித் தொகுப்பு, சர்குலர் 230 சொல்வது இதைத்தான். முதல்முறை படித்தபோது நழுவல் மாதிரி இருந்தது. தெரிந்த பின்னும் சும்மா இருப்பதா? அப்புறம் அதே சர்குலரின் மற்ற பிரிவுகளோடு சேர்த்துப் படித்தபோதுதான் பிடிபட்டது. பழைய தவறில் சொல்வதோடு நிற்கலாம். இந்த வருட ரிட்டர்னில் பொய் என்று தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட முடியாது. வாடிக்கையாளர் சொல்வதை நம்பலாம், ஒவ்வொன்றுக்கும் ரசீது கேட்க வேண்டாம். ஆனால் சொல்வது முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் கேட்காமல் கடந்துபோகக் கூடாது.

ஈ.ஏ. பதிவு வந்த பிறகு ஒரு பிப்ரவரியில் எதிரே வந்து உட்கார்ந்தார் ஒரு கும்பகோணத்துக்காரர். ஐடி வேலை, முப்பத்தைந்து வயதிருக்கும். இங்கே வந்து சில வருடங்கள். சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவம், வங்கி வட்டிப் படிவம், குழந்தையின் டேகேர் ரசீது எல்லாம் பிளாஸ்டிக் உறையில் வரிசையாக வைத்திருந்தார். முக்கால் மணி நேரத்தில் முடிகிற வேலை. ரிட்டர்னில் வட்டி வருமானத்தைக் காட்டும் பி அட்டவணையின் அடிப்பகுதியில், வெளிநாட்டில் உங்களுக்கு நிதிக் கணக்கு உண்டா என்று ஆம், இல்லை இரண்டு பெட்டிகள் இருக்கும். கேட்டேன். “இல்லக்கா” என்றார். கையோடு, போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது வீட்டுக் கடனுக்கு முன்பணமாக என்ஆர்ஈ டெபாசிட்டை (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் போடுவது) உடைத்த கதையையும் சொன்னார். நான் கையை எடுத்துவிட்டேன். “அப்போ கணக்கு இருக்கே?” என்றேன். “அது என்ஆர்ஈக்கா. ஊர்லயே அதுக்கு வரி கிடையாதே.”

இதை வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறேன். என்ஆர்ஈ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பது உண்மை. அமெரிக்க வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவரென்று ஆகிவிட்டால் உலகத்தில் எங்கே வரும் வருமானத்துக்கும் இங்கே வரி உண்டு என்பதும் உண்மை. முதல் உண்மை இரண்டாவதை ரத்து செய்யாது. அது தவிர, வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற தனி அறிக்கை. அது ரிட்டர்னோடு போகாது, கருவூலத்தின் வேறொரு பிரிவுக்குத் தனியாகப் போகும். அப்பாவின் ஓய்வூதியப் பணம் கிடக்கும் கணக்கில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மகன் பெயரையும் சேர்த்திருப்பார்களே, அதுவும் சேரும், முழுத் தொகையோடு. அவருக்கு அப்படி ஒன்றும் இருந்தது. தெரியாமல் விட்டவருக்கே அபராதம் 10,000 டாலர் வரை என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அது கணக்குக்கு ஒன்றா, அறிக்கைக்கு ஒன்றா என்பது உச்ச நீதிமன்றம் வரை போய், 2023இல் பிட்னர் வழக்கில்தான் அறிக்கைக்கு ஒன்று என்று முடிவானது. இவர் வந்தபோது அந்தத் தீர்ப்பு இன்னும் வரவில்லை.

பழைய ரிட்டர்ன்களை எடுத்துப் பார்த்தேன். எல்லா வருடமும் ‘இல்லை’ பெட்டியில் குறி. போட்டுக் கொடுத்தவர் யாரென்று பெயரில்லை, கையெழுத்துமில்லை. தானே போட்டதாகப் போயிருக்கிறது. “அவரு இதெல்லாம் கேட்டதே இல்லக்கா” என்றார். புத்தகத்தில் படித்ததை அந்த வரிசையிலேயே சொன்னேன்: பழைய வருடங்களில் தவறு இருக்கிறது, விளைவு இன்னின்னது, தெரியாமல் விட்டவர்கள் தாமாக முன்வந்து சரிசெய்ய ஐஆர்எஸ் ஒரு வழி வைத்திருக்கிறது, செய்வதும் செய்யாததும் உங்கள் முடிவு, நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. இந்த வருடத்தில் மட்டும் ‘இல்லை’ என்று போட்டுக் கையெழுத்திட என்னால் முடியாது. அவர் ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. “சரிக்கா, வீட்ல பேசிட்டு வர்றேன்” என்று பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டார். திரும்ப வரவில்லை. அந்த வருடம் அவருக்கு ரிட்டர்ன் போட்டது எங்கள் சித்தப்பா சொன்ன அதே அபார்ட்மென்ட்காரர் என்று பின்னால் தெரிந்தது. ஃபிரிஸ்கோ கோயிலில் பார்த்தால் இன்னும் சிரிப்பார், குழந்தையைப் பற்றிச் சொல்வார். வரிப் பேச்சு எடுப்பதில்லை.

அதுவரை என் எண்ணம் ஓரிகன் எண்ணம்தான்: எல்லோரையும் பரீட்சை எழுதவைத்தால் கணக்குகள் சரியாகிவிடும். அன்றைக்கு அந்த எண்ணம் இடம் மாறியது. கும்பகோணத்துக்காரரின் ரிட்டர்னில் கணக்குத் தப்பே இல்லை. டேகேர் சலுகை, நிலைக் கழிவு எல்லாம் சில்லறை பிசகாமல் இருந்தன. முதல் பகுதியை அபார்ட்மென்ட்காரரும் எழுதினால் தேறிவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். அவர் விட்டது ஒரு கேள்வியை. கேட்காமல் இருப்பதில் அவருக்கு லாபம்தான்: வேலை சீக்கிரம் முடியும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார், நாலு பேரிடம் சொல்வார். கேட்பதில் எனக்கு நஷ்டம், அன்றே கண்கூடாக. தன் விருப்பத்தில் பரீட்சை எழுதியவரை மட்டும் கட்டிவைத்துவிட்டு மற்றவர்களை அவிழ்த்துவிட்டால், சந்தை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை.

இதைச் சொன்னபோது சித்தப்பா விடவில்லை. “பரீட்சை எழுதினவன் மட்டும் யோக்கியனா?” என்றார். இல்லை. சர்குலர் 230ஐ மீறியதற்காகத் தடை செய்யப்பட்ட வழக்கறிஞர்கள், சி.பி.ஏ.க்கள், ஈ.ஏ.க்கள் பெயர்களை ஐஆர்எஸ் தன் அறிவிக்கையில் ஊர், மாநிலத்தோடு போடுகிறது. அந்தப் பட்டியல் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. பரீட்சை யாரையும் யோக்கியனாக்காது. ஆனால் தேறியவனிடம் பறிக்க ஒன்று இருக்கிறது. அபார்ட்மென்ட்காரருக்கும் அபராதப் பிரிவுகள் பொருந்தும், கையெழுத்துப் போடாமல் நழுவுவதும் குற்றம்தான். முதலில் அவரைக் கண்டுபிடிக்க வேண்டுமே. ரிட்டர்னில் அவர் இல்லவே இல்லை.

நாளைக்கே நாடாளுமன்றம் சட்டம் போட்டால் என்ன கேட்பேன்? மூன்று பகுதியையும் எல்லோர் தலையிலும் கட்ட வேண்டாம். வருடத்துக்கு நாற்பது பேருக்கு எளிய ரிட்டர்ன் போட்டு வீட்டு வாடகையைச் சமாளிக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு எதற்கு மாடும் குதிரையும்? லவிங் அம்மையாரின் பயமும் அநியாயமானதில்லை. ஆனால் மூன்றாம் பகுதியில் ஒரு கால் பங்கு, அதாவது எதைக் கேட்க வேண்டும், எது தெரிந்தால் என்ன சொல்ல வேண்டும், எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது, காசு வாங்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டும். 2011இல் வந்த பரீட்சையில் பெரும்பங்கு கணக்கும் கழிவும்தான். அது நின்றுபோனதில் வருத்தம்தான், ஆனால் அது நடந்திருந்தாலும் அபார்ட்மென்ட்காரர் சுலபமாகத் தாண்டிப் போயிருப்பார் என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

சித்தப்பா இதில் பாதிதான் ஒப்புக்கொண்டார். நாற்பது பேருக்குப் போடும் பெண்களுக்கு எதுவுமே வேண்டாம் என்பது அவர் கட்சி. போன வருடம் முதல் தன்னுடைய ரிட்டர்னை என்னிடம் கொடுக்கிறார். எஃப்பார் உட்பட. பிரிவுபசாரமாக அபார்ட்மென்ட்காரருக்கு ஒரு மைசூர்பாகு டப்பா கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

இப்போது ஈ.ஏ. எழுதலாமா என்று கேட்டு இங்கிருந்தும் சென்னையிலிருந்தும் அழைப்புகள் வருகின்றன. சென்னையில் அமெரிக்க வரி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இது சம்பள உயர்வுக்கான படி, எல்லோரும் முதல் பகுதியில்தான் தொடங்குகிறார்கள். நான் மூன்றாவதை முதலில் எழுதச் சொல்கிறேன். பெரும்பாலோர் கேட்பதில்லை. பயிற்சி வகுப்பில் அட்டவணை ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் போட்டிருக்கிறார்களாம். சரி, அப்படியே எழுதட்டும். மே மாதம் தொடங்கினால் அடுத்த பிப்ரவரிக்குள் மூன்றும் முடிந்துவிடும், நடுவில் சட்டம் மாறிவிடுமோ என்ற கவலை வேண்டாம். மூன்றும் முடிந்ததும் ஈ.ஏ. பதிவுக்கு விண்ணப்பிக்கும் படிவம் 23ஐ ஒரு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதை மறந்துவிட்டு அல்லாடுகிறவர்களும் இருக்கிறார்கள். போடுவதற்கு முன் உங்கள் சொந்த ரிட்டர்னை எடுத்துப் பாருங்கள். பி அட்டவணையின் அடியில் எந்தப் பெட்டியில் குறி இருக்கிறது என்று ஐஆர்எஸ் பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்த்துவிடுவது நல்லது.